தாயின் நடை

கல்லூரிக் கபடியில் இசக்கிராஜா கணுக்காலைப் பிடித்துவிட்டால் ரெய்டு வந்தவன் கோட்டுக்குத் திரும்பியதில்லை. ஆனாலும் லீக் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கடைசியாகச் சோதிப்பது பெற்றவளின் நடையைத்தான். பிள்ளையின் முழங்கால் எத்தனை வருடம் தாங்கும் என்று அதிலிருந்தே அவர்களுடைய நடை அளக்கும் கருவி சொல்லிவிடும்.

அவன் அம்மா செல்லக்கனிக்கு இருபது வருட உப்பள வேலையில் முழங்கால் தேய்ந்திருந்தது.

"எம்மா, முடியலன்னா விட்டுருவோம்."

"சும்மா கெடலே. எனக்கென்ன கேடு?"

இதை விட்டால் அவனுக்கும் உப்பளம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல, கருவியோடு இணைத்து விரித்திருந்த நீளப் பாயில் நொண்டாமல் நடந்து முடித்தாள். சேலைக்குள் கால் வெடவெடத்தது.

தேர்வாளர் திரையைப் பார்த்தார். "பையனை எடுத்துக்கிறோம்மா."

"முட்டி நல்லாருக்குன்னு சொல்லுதா சார்?"

"இல்லம்மா, மூணு வருஷத்துல போயிரும். ஆனா வலியை வெளிய காட்டாத வம்சம்னு சொல்லுது. உடையுற வரைக்கும் ஆடுவான். எங்களுக்கு அது போதும்."

இசக்கி கையெழுத்துப் போடக் குனிந்தான்.

செல்லக்கனி பாயிலேயே சரிந்து, "வலிக்குதே ஐயா, உசுரு போவுதே!" என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கதறினாள்.

கருவியை அதற்குள் அணைத்துவிட்டிருந்தார்கள்.