ரெண்டு அடல்ட்

"ரெண்டு அடல்ட் குடு தம்பி."

படகுத்துறை டிக்கெட்காரன் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஈ காக்காய் கூட இல்லை.

அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கூத்துதான். சாயங்காலப் படகுக்குத் தனியாக வருவாள். ஒரு அடல்ட், ஒரு சைல்ட் என்று வாங்குவாள். தனியாகவே ஏறிப் போவாள். இன்றைக்கு என்னடாவென்றால், ரெண்டு அடல்ட்டாம்!

"ஏன், சைல்டு எங்க போச்சு?" என்றான் நக்கலாக.

"நேத்தோட அவளுக்குப் பன்னிரண்டு முடிஞ்சுதே. இனிமே அடல்ட்தானே? உங்க போர்டுல அப்படித்தான போட்டிருக்கு?"

சொல்லிவிட்டு, பக்கத்தில் திரும்பி, "ஆடாம நில்லுடி" என்று அதட்டினாள்.

அவள் கை காற்றில் ஒரு தலையைத் தடவிக்கொண்டிருந்தது. அவன் வேலைக்கு வந்த புதிதில் இடுப்பு உயரத்தில் தடவிய கை, இப்போது நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது.

அடக் கடவுளே, வளர்ந்திருக்கிறாள்!

பயம் வந்தால் அவனுக்குக் கோபமும் சேர்ந்து வந்துவிடும். ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்து வெளியே தள்ளினான்.

"இந்தாம்மா. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்தான்."

"அப்ப நாங்க ஏறல தம்பி."

நகரவே மாட்டேன் என்று நின்றாள். படகு சங்கு ஊதியது. "ஏம்மா, வழி விடு! எங்க உயிரை ஏன் வாங்கற?" என்று பின்னாலிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"இல்லாத பிள்ளைக்கு எதுக்கும்மா டிக்கெட்டு?" கத்தியே விட்டான்.

அவள் கோபப்படவில்லை.

"இருந்தப்ப வாங்கலையே தம்பி. அஞ்சு வயசுக்குள்ளன்னா டிக்கெட் வேண்டாம்னாங்க. அவளுக்கு அப்ப ஆறு. நாலுதான் ஆகுதுன்னு வாய் கூசாம சொல்லி ஏத்திட்டேன். நடு ஆத்துல படகு கவுந்துபோச்சு."

அவன் கை தானாக இன்னொரு டிக்கெட்டைத் தேடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல், காற்றில் விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"நான் நினைவில்லாம கிடந்தேன். வித்த டிக்கெட்டையும் கரையேத்தின தலையையும் எண்ணிப் பாத்திருக்காங்க. கணக்கு சரியா இருந்துச்சாம். தேடறதை நிறுத்திட்டாங்க."