பச்சைக்கொடி

"இன்னைக்கு மட்டும் மலைக்குப் போகாதீங்க," என்றாள் மரித், காபியை மேசைமேல் வைத்தபடி.

ஹால்வர்த் பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். "பந்தயத்துக்கு வரேன்னு சொல்லிட்டேன்."

"போன வருஷம் நம்ம பையன் எஸ்பன அந்தப் பாறைக்குக் குடுத்தோமே, போதாதா? அறுபது வயசுல நீங்களும் போய் அந்த விளிம்புல நிக்கணுமா?"

"நான் போகலேன்னா வேற ஒருத்தன் என் இடத்துல நிப்பான்."

"நிக்கட்டுமே!"

அவர் கிளம்பினார்.

நார்வேயின் ரோம்ஸ்டால் பள்ளத்தாக்குக்கு மேலே, பாறை விளிம்பில் காற்று பிடித்துத் தள்ளியது. குதித்துப் பறப்பதற்கான இறக்கை உடை மாட்டிய இளைஞர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். ஹால்வர்த் உடை எதுவும் மாட்டவில்லை. அவர் கையில் இருந்தது பச்சைக்கொடி. அதை அவர் அசைத்தால்தான் குதிக்கலாம். போன வருஷம் எஸ்பனுக்கு அசைத்ததும் அவர்தான்.

வரிசையில் முதலில் நின்றவள் துவா. அம்மாவுக்குத் தெரியாமல் பெயர் கொடுத்திருந்த மகள்.

"அப்பா, கொடிய அசைங்க."

"காத்து சரியில்லம்மா."

"அண்ணன் குதிச்சப்பவும் இதே காத்துதான். அவன மட்டும் அனுப்பினீங்களே?"

"ஆமா. கெஞ்சினான், அனுப்பிட்டேன்."

கொடியைச் சுருட்டிக் கோட்டுக்குள் செருகினார். பந்தயம் ரத்தானது. துவா எல்லார் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. இரவில் வீட்டுக்கு வந்ததும் தன் அறைக் கதவை ஓங்கி அறைந்து சாத்துகிறாள். தினமும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஹால்வர்த் விளக்கை அணைக்கிறார்.