ஆணி இல்லாத தொட்டில்

மூங்கில் தட்டி வீட்டுக் கூரை தூளியைத் தாங்காது என்று எத்திராஜு ஒரு பெட்டித் தொட்டில் கொண்டுவந்தான். ஆணிக் கீறலுக்குத் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த அவன் மனைவி கங்கம்மா, பச்சைக் குழந்தையை மடியைவிட்டு இறக்காமல் தொட்டிலின் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, ஒரு ஆணிகூட இல்லியே! யாருக்குச் செஞ்சது?"

"நம்ம புள்ளைக்குத்தான்."

"பொய் சொல்லாத. கூலிக்காரன் புள்ளைக்கு எவன் இம்மாம் பார்த்துச் செய்வான்?"

எத்திராஜு தலையைச் சொறிந்தான். "சுரங்கத்துல கழிச்சுப் போட்ட பெட்டி, மே. ஆணி உரசி நெருப்புப் பொறி பறந்துடக் கூடாதுன்னு, சீமையிலியே பலகைய ஒண்ணோட ஒண்ணு கோத்து அனுப்புறாங்க."

"உள்ள இன்னா இருந்துச்சு?"

அவன் குரல் இறங்கியது. "டைனமைட்டு."

கங்கம்மாவின் முகம் தெளிந்தது.

"அத்த மொதல்லியே சொல்ல வேண்டியதுதானே! அதுக்குன்னா பார்த்துத்தான் செஞ்சிருப்பாங்க," என்று குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்.