நூலை மிச்சம் வைக்காத சிலந்தி

பழக்கடையின் பின்பக்க மூலையில் ஒரு சிலந்தி வீடு கட்டியது. வயிற்றிலிருந்த நூலையெல்லாம் இழுத்து, உத்தரத்திலிருந்து ஜன்னல்வரை அகலமாகப் பின்னியது. முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. இனிமேல் ஈ தின்று ஊறுகிற நூலில் முட்டைக்குப் பை நெய்துகொள்ளலாம் என்று நிம்மதியாகக் காலை நீட்டியது.

விடிந்ததும் ஒரு வண்டு நடுவில் ஓட்டை போட்டுப் போயிற்று. சிலந்தி அதை அடைத்தது. மறுநாள் காற்று ஒரு பக்கத்தை அறுத்தது. பிறகு தூசி படிந்ததில் இழைகளில் பசையே இல்லை. தின்ற ஈயெல்லாம் நூலாகி, அந்த நூலெல்லாம் ஒட்டுப்போடவே போயிற்று.

சுவரிலிருந்த பல்லி கேட்டது.

"என்னக்கா, இன்னும் பை நெய்யலையா?"

"வீட்டு வேலை முடியட்டும்னு பாக்குறேன்."

"முடிஞ்சிடுச்சுன்னு அன்னைக்கு ஊரையே கூப்பிட்டுக் காட்டினீங்களே. இத்தனை பெருசா கட்டினா அதுக்கும் தினம் தீனி போட வேண்டாமா?"

வீட்டுக்கும் வயிறு உண்டென்று சிலந்தி நினைத்ததே இல்லை. தன் வயிற்றைத் தடவிப் பார்த்தது. முட்டைகள் இருந்தன, நூல் இல்லை.

"இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

"என்னைக் கேட்டா? நான் அடுத்தவங்க சுவத்துல ஒண்டிக் கிடக்கிறவன்."

தின்ற இழை திரும்ப நூலாக ஊறும் என்பதால், சிலந்தி ஜன்னல் பக்கத்திலிருந்து தன் வீட்டைக் கடித்து விழுங்கத் தொடங்கியது. பாதி வீடு உள்ளே போன பிறகுதான், முட்டையைச் சுற்ற முதல் இழை வந்தது.