யாளிக் கதவு

அன்று வலியசாலை வீட்டில் இருந்தவர்கள் நான், என் மகன் வைத்தி, மருமகள் பார்கவி. ஆசாரி உச்சிமாகாளி டீ குடிக்கப் போயிருந்தார். கொல்லை வாசலைச் செங்கல் குவியல் அடைத்திருந்தது.

வீட்டைப் புதுப்பிக்கக் கழற்றிய பழைய தேக்கு வாசற்கதவை, யாளி செதுக்கிய பக்கம் கூடத்தைப் பார்க்கும்படி திருப்பி மாட்டச் செய்திருந்தான் மகன்.

“தெருவுக்கு முதுகு காட்ட நாம என்னடா திருடினோம்? இப்பவே மாத்து!”

“வர்றவா சோபாலேர்ந்து பாக்கணும்ப்பா. கௌரவம் பேசணும்னா வெளில போய்ப் பேசுங்கோ.”

பார்கவி சிரித்தாள். நான் வெளியே வந்தேன். கதவு படாரென்று மூடியது.

மகன் என்னை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான் என்று தெருவில் பேச்சு.

தவறு. கதவு திரும்பியதில் தாழ்ப்பாளும் தெருப்பக்கம் வந்துவிட்டது. போட்டவன் நான். கதவை மாற்றச் சம்மதிக்கும்வரை அவர்கள் உள்ளேதான்.