மேப்பில் ஓர் அடுப்படி

சிங்கப்பூருக்குப் போகும்போது, தன் மனைவி தீபலட்சுமிக்குத் தாய் சிகப்பி ஆச்சியைக் காவல் வைத்துவிட்டுத்தான் மகன் விமானம் ஏறினான். அது போதாதென்று, தீபலட்சுமியின் போன் போகும் இடமெல்லாம் அவனுடைய மேப்பில் நீலப் புள்ளியாகத் தெரியும்.

இன்று ஆச்சியைக் கூப்பிட்டான்.

"ஆத்தா, அவ எங்க?"

"அடுப்படியில."

"பொய் சொல்லாதீக. மேப்புல பின்தெருவுல நிக்கிறா. கூப்பிட்டாலும் எடுக்கல. வாசலைத் தாண்டுனா அவ அப்பன் வீட்டுக்கே போயிரட்டும்னு சொல்லியிருக்கேன்ல?"

ஆச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா, முன்வாசல் ஒரு தெருவுலயும் அடுப்படி அடுத்த தெருவுலயும் இருக்குற வீட்டுலதான நீ பொறந்து வளந்த? அதுவுமா மறந்துபோச்சு?"

ஆனாலும் அவன் விடவில்லை.

"அப்ப அவளை முகப்புக்கு வரச் சொல்லுங்க. பாக்குறேன்."

"தீபா, முகப்புக்கு வா ஆத்தா!" என்று குரல் கொடுத்துவிட்டு, ஆச்சியும் முழங்கால் வலியோடு உள்முற்றமான வளவைக் கடந்து முகப்புக்கு வந்து நின்றாள்.

"ம், வந்துட்டா" என்று போனை வைத்தான்.

ஆச்சி தூணில் சாய்ந்து, மூச்சு வாங்க, இடுப்பில் செருகியிருந்த மருமகளின் போனை எடுத்துப் பார்த்தாள். காரைக்குடியில் வேலைக்கான பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் தீபா, சாயங்கால பஸ்ஸில்தான் வருவாள்.

புள்ளியை மறுபடி எப்போது, எங்கே வரச் சொல்வானோ! அவள் திரும்பும்வரை ஆச்சியாலும் வாசலைத் தாண்ட முடியாது.