மூன்றாவது சிலிண்டர்

மறுபடியும் மூன்றாவது சிலிண்டர்தான்.

ஸ்கேனர் அதையே காட்டியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரே மாதத்தில் நான்காவது தடவை, அதே வண்டி, அதே கோளாறு. இப்படியே போனால் பட்டறையை இழுத்து மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சமதளத்தில் வண்டி சமர்த்தாகப் போகிறது. ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது, டர்போ காற்றைத் தள்ள ஆரம்பித்ததும் இன்ஜின் மிஸ் அடித்துக் குலுங்குகிறது. உடனே பாதி மேட்டிலிருந்து திரும்பி நேராக என்னிடம் வந்துவிடுகிறார்கள்.

வாசலில் வண்டியின் சொந்தக்காரர் அதைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன். உள்ளே பெஞ்சில் அவர் மனைவி மகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறவர். மகளுக்கு இருபத்திரண்டு வயது. நடக்க முடியாது, பேச்சும் இல்லை. அவர்களுக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

மலைக்கு அந்தப் பக்கம், பாப்பா மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அப்பாவுக்கு இதயக் கோளாறு. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

பாப்பாவின் பெட்டி டிக்கியில் இருந்தது.

போன தடவையே எனக்கு ஒரு சந்தேகம். அதனால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டை இறுக்கியதும், அதன் தலையில் பெயிண்டால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து அனுப்பியிருந்தேன். இப்போது கோடு விலகியிருந்தது. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஸ்பார்க் பிளக்கை வெளியே எடுத்தேன். அதன் நுனியில் பொறி தாவுவதற்காக நான் அளந்து வைத்த இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. நெம்பிய தடம் பளிச்சென்று தெரிந்தது.

இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் வாய் சும்மா இருக்காது. வண்டி கொண்டுவருகிறவர்களுக்குப் பாடம் நடத்தாமல் அனுப்ப மாட்டேன். முதல் தடவை உண்மையிலேயே பிளக் தேய்ந்துதான் போயிருந்தது. அதைக் காட்டி, இடைவெளி கூடிவிட்டால் டர்போ தள்ளும் காற்று விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி பொறியை அணைத்துவிடும் என்றேன். டர்போ ஹோஸின் கிளிப் தளர்ந்தாலும் இதே கதைதான் என்று கூடுதலாக ஒன்றையும் சொல்லிவைத்தேன். கணவனும் மனைவியும் கண் இமைக்காமல் கேட்டார்கள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

கணவரை மட்டும் வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, பிளக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் மறுக்கவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

“அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. அவ மனச கல்லாக்கிக்கிட்டுப் பெட்டியக் கட்டிட்டா, எனக்குத்தான் முடியல. இந்தத் தடவ நல்லபடியா பண்ணிக் குடுத்துடுங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகிற வேலை என்னிடம் கிடையாது.

புது பிளக்கைப் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று டர்போ ஹோஸை அசைத்துப் பார்த்தேன். கையோடு வந்தது. மனுஷன் ஒன்றுக்கு இரண்டாக வேலை பார்த்திருக்கிறாரே என்று அலுத்துக்கொண்டு கிளிப்பை இறுக்கப் போனேன். அதன் ஸ்குரூவின் பள்ளத்தில் ஏதோ மின்னியது.

கத்தரிக்கோலின் உடைந்த நுனி.

எலக்ட்ரீஷியன் வீட்டில் ஸ்குரூடிரைவருக்கா பஞ்சம்? அவர் எதற்குக் கத்தரிக்கோலை எடுக்கப் போகிறார்?

நிமிர்ந்தேன். அந்த அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

நுனியை நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சொன்னால் திரும்பிப் போய்விடுவார்கள். அப்புறம் பாப்பாவை யார் தூக்குவது? சொல்லாவிட்டால், பிள்ளையை அனுப்பத் துணிந்தது மற்றவர்தான் என்று கடைசிவரைக்கும் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அழுதாலும் ஆளுக்கொரு மூலையில்தான் அழுவார்கள். கை மட்டும் அதன் பாட்டுக்குக் கிளிப்பை இறுக்கி முடித்துவிட்டது.

“சரியாயிடுச்சா?” இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். நல்லவேளை என்றார் கணவர். மனைவியும் அதையே சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கணவர் பாப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி போனதும் வாசலுக்கு வந்து நின்றேன். மலைப்பாதையின் முதல் வளைவுகள் அங்கிருந்தே தெரியும். இத்தனை வருடத்தில் எந்த வண்டிக்கும் வேண்டிக்கொள்ளாத ஒன்றை இன்று வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை மிஸ் அடிக்கட்டும். திரும்பி வரட்டும். வந்தால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு போனாலும் சேர்ந்து அழுதுவிட்டுப் போகட்டும்.

முதல் வளைவில் டர்போவின் விசில் கேட்டது. இரண்டாவது வளைவிலும் கேட்டது.

இன்ஜின் துளிக்கூடப் பிசகவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தேன்.